லாக்ஸ்டன் கிராமத்தின் பொது வயல்கள்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய உபந்நியாசம்)



இங்கிலாந்து தேசம் என்றவுடன் நம்மிற் பலருக்கு யந்திரசாலைகளும், புகைக்கூண்டுகளும், கப்பல் துறைகளும், பெரும் பட்டணங்களுமே நினைவுக்கு வருகின்றன. அத்தேசத்திலும் ஏர் பிடித்து உழுது, மழைக்கும் வெயிலுக்கும் வானத்தை நோக்கிப் பிழைத்த குடியானவர்கள் உண்டு என்பதும், அவர்களுக்கும் வாய்க்கால், வரம்பு, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை ஆகியவற்றைப் பற்றிய வழக்குகள் உண்டு என்பதும் அவ்வளவாக நம் கவனத்திற்கு வருவதில்லை. ஆகவே இன்று அத்தேசத்துக் கிராமம் ஒன்றின் வரலாற்றை உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். அக்கிராமத்தின் பெயர் லாக்ஸ்டன்.

அவ்வூரில் ராஜாக்கள் கட்டிய மாளிகை ஒன்றும் இன்று நிற்கவில்லை. உலகப் பிரசித்தி பெற்ற கவியோ சேனாதிபதியோ அங்கே பிறந்ததாலும் அதற்குப் பெருமை வந்ததன்று. பலருக்கும் கலந்து கிடக்கும் நிலத்தை, அந்தப் பலரும் கூடி, தங்களுக்குள் ஏற்பட்ட விதிகளின்படி, பல நூறு வருஷங்களாகச் சாகுபடி செய்து வருகிறார்கள் என்பதே அதன் பெருமை. அதுவே அவ்வூர் முன்னோர் விட்டுச் சென்ற சொத்து. பொதுப் பணத்தைக் கையாளும் ஐக்கிய சங்கத்தாராகிய உங்களுக்கு இவ்விஷயம் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஊரின் இருப்பும் தொன்மையும்

லாக்ஸ்டன், இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நாட்டிங்ஹாம்ஷயர் ஜில்லாவில், பழைய ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. 1066-ஆம் வருஷத்தில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். இருபது வருஷங்கள் கழித்து, 1086-இல், முதலாம் வில்லியம் அரசர் தம் ராஜ்யத்திலுள்ள ஊர், நிலம், ஏர், ஆலை முதலியவற்றை விசாரித்து ‘டூம்ஸ்டே’ என்னும் பெருங்கணக்கு ஒன்றை எழுதுவித்தார். அக்கணக்கிலேயே இவ்வூர் பதிவாகியிருக்கிறது.

ஊரின் வடபுறத்தே நார்மானியர் எழுப்பிய மண்கோட்டையின் மேடும் அகழியும் புல் மூடி இன்னும் காணப்படுகின்றன. ஷெர்வுட் காட்டின் அதிகாரம் ஒரு காலத்தில் இக்கோட்டையிலிருந்து நடந்து வந்தது. ஊர் நடுவே மிக்கேல் தூதரின் பெயரால் அமைந்த பழைய கோயில் ஒன்று உண்டு. அதற்கருகே ‘டவ்காட்’ என்னும் சத்திரம் இருக்கிறது. இச்சத்திரத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் குடியானவனுடைய வீடு பெரும்பாலும் அவனுடைய நிலத்தின் நடுவே தனித்து நிற்கும். லாக்ஸ்டனிலோ பண்ணை வீடுகளும், தானியக் களஞ்சியங்களும், தொழுவங்களும் ஊர்த் தெருவின் இரு மருங்கிலும் நெருங்கியிருக்கின்றன. ஒருவனுடைய நிலம் ஒரே இடத்தில் இல்லாமல் ஊரைச் சுற்றிப் பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பதே இதற்குக் காரணம். எந்தத் துண்டின் அருகே வீட்டைக் கட்டுவது? எல்லாத் துண்டுகளுக்கும் நடுவாயிருப்பது ஊரேயாதலால், ஊரிலேயே குடியிருந்து அவரவர் துண்டுகளுக்குச் சென்று வருகின்றனர்.

மூன்று வயல்கள்

மேல்வயல், ஆலைவயல், தென்வயல் என்று பொருள்படும் பெயர்களோடு மூன்று பெரிய வயல்கள் இன்று லாக்ஸ்டனில் நிலைத்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்து சுமார் 480 ஏக்கர். பழங்காலத்தில் இதைவிட மிகுதியாக இருந்தது. வயல் ஒவ்வொன்றும் நீண்ட பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு குடியானவனுக்கு மூன்று வயல்களிலும் பட்டைகள் இருக்கும். அவனுடைய ஒரு பட்டைக்கும் மறுபட்டைக்கும் இடையே அயலாருடைய பட்டைகள் பல இருக்கும். பட்டைகளுக்கு நடுவே வேலியும் கிடையாது. நம் வயல்களில் உள்ளதுபோன்ற மண் வரப்பும் கிடையாது. தன் பட்டைக்கும் அயலான் பட்டைக்கும் எல்லை ஓர் உழுசால்தான்.

இம்மூன்று வயல்களிலும் பயிர் சுழற்சி முறையில் நடைபெறுகிறது. ஒரு வயலில் இலையுதிர் காலத்தில் கோதுமை விதைப்பார்கள். அதே வருஷத்தில் மற்றொரு வயலில் வசந்தகாலப் பயிராகிய வாற்கோதுமை, ஓட்ஸ், அவரை முதலியன இருக்கும். மூன்றாவது வயலை ஆறப்போடுவார்கள். அடுத்த வருஷம் கோதுமை விளைந்த வயல் வசந்தகாலப் பயிருக்கும், வசந்தகாலப் பயிர் விளைந்த வயல் ஓய்வுக்கும், ஓய்ந்திருந்த வயல் கோதுமைக்கும் வரும். ஆறப்போட்ட வயலில் முற்காலத்தில் ஊர் ஆடுமாடுகளெல்லாம் பொதுவாக மேயும். அவற்றின் எருவே நிலத்திற்கு உரமாகும். இந்நாளில் வெறுமையாக விடாமல் குளோவர் முதலிய தீவனப் பயிர்களை வைக்கின்றனர். குளோவர் நம் சணப்பு, பயறு வகைகளைப்போல வேர்முடிச்சுகளின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜன் சத்தை நிலத்தில் சேர்க்கும் குணமுடையது.

இந்த ஏற்பாட்டில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். ஒருவன் தன் பட்டையில் மட்டும் தன் இஷ்டப்படி பயிர் வைக்க முடியாது. சுற்றிலும் ஆடுமாடுகள் மேயும்போது அவன் மட்டும் கோதுமை விதைத்தால் அது மிஞ்சாது. சுற்றிலும் கோதுமை நிற்கும்போது அவன் மட்டும் தன் பட்டையில் மாட்டை விட்டால் அயலானுடைய பயிர் பாழாகும். ஆகவே விதைப்புக்கும், அறுப்புக்கும், வயலை அடைப்பதற்கும் திறப்பதற்கும் ஊர் முழுவதற்கும் ஒரே விதி வேண்டும். பயிர் அவரவருடையது, விதி எல்லாருடையது.

பட்டையும் ஏக்கரும்

பட்டைகள் நீண்டு ஒடுங்கியிருப்பதற்கும் காரணம் உண்டு. லாக்ஸ்டன் நிலம் கனத்த செங்களிமண். முற்காலத்தில் கனமான கலப்பையில் எட்டு எருதுகள் வரையில் பூட்டி உழுதனர். அத்தனை எருதுகளையும் ஒரு கோடியில் திருப்புவது பெருங்கஷ்டம். ஆதலால் திரும்பும் தடவைகளைக் குறைக்க எண்ணி, எருதுகள் இளைப்பாறாமல் இழுக்கக்கூடிய தூரம்வரை ஒரே சாலாக ஓட்டினர். அந்தத் தூரம் சுமார் 220 கஜம். நீண்ட சால் என்னும் பொருளுடைய ‘பர்லாங்’ என்னும் அளவு இவ்வாறு ஏற்பட்டது. அந்த நீளத்தில் 22 கஜ அகலம் உழுதால் அது ஒரு நாளைய வேலை என்று கொள்ளப்பட்டது. 220 கஜமும் 22 கஜமும் பெருக்கினால் 4,840 சதுர கஜம். அதுவே ஓர் ஏக்கர்.

நம் பட்டாவிலும் அடங்கலிலும் இன்று எழுதப்பட்டிருக்கும் ஏக்கர், சென்று என்னும் அளவுகள் இங்கிலீஷ் அரசாட்சியோடு நம் தேசத்திற்கு வந்தவை. அவற்றின் ஆதி, அந்நாட்டு உழவன் எருதுகளைக் கொண்டு உழுத ஒரு நாளைய உழவே என்பதை அறியும்போது, அவ்வளவை நாம் சற்று வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது.

ஒரே ஊரில் ஒருவனுடைய பட்டைகள் ஏன் இவ்வாறு சிதறின என்பதைப் பற்றி அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த விவசாயப் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த ஆர்வின் என்பவரும் அவருடைய மனைவியாரும் லாக்ஸ்டனை நேரே ஆராய்ந்து, 1938-இல் ‘பொது வயல்கள்’ என்னும் பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டனர். பலர் எருதும் ஏரும் சேர்த்துக் கூட்டாக உழுது, அன்றன்று உழுத நிலத்தை முறைவைத்துப் பங்கிட்டதனால் பட்டைகள் சிதறின என்பது அவர்களுடைய முடிவு. பள்ளத்தில் ஒன்று, மேட்டில் ஒன்றாக வைத்துக்கொண்டால் அதிமழையிலும் வறட்சியிலும் ஏதேனும் ஒரு துண்டாவது கைகொடுக்கும் என்ற முன்யோசனையே காரணம் என்பர் வேறு சிலர். எக்காரணம் கொண்டாலும், நல்ல நிலம் முழுவதும் ஒருவனிடமும் கெட்ட நிலம் முழுவதும் மற்றொருவனிடமும் சேராதிருந்தது என்பது மெய்.

1635-ஆம் வருஷத்துப் படம்

லாக்ஸ்டனின் பழைய நிலைமை நமக்குத் தெளிவாகத் தெரிவதற்கு ஒரு சர்வே படமே காரணம். 1635-ஆம் வருஷத்தில் அவ்வூரின் எஜமானராயிருந்தவர் சர் வில்லியம் கோர்ட்டன் என்னும் லண்டன் வர்த்தகர். அவருடைய கட்டளையின்பேரில் மார்க் பியர்ஸ் என்னும் நில அளவையாளர் ஊர் முழுவதையும் அளந்து, தோலில் ஒரு பெரிய படம் வரைந்தார். ஊர்த் தெரு, வீடுகள், கோட்டை மேடு, காற்றாலை இவற்றோடு வயல்களிலுள்ள பட்டைகள் ஒவ்வொன்றும் அதில் குறிக்கப்பட்டுள்ளது. உழுவோரும், அறுப்போரும், வேட்டையாடுவோருமாகிய சிறு உருவங்களையும் ஆங்காங்கே அழகாகத் தீட்டியிருக்கிறார். எந்தப் பட்டை யாருடைய அநுபவத்தில் இருக்கிறது, அதன் விஸ்தீரணம் என்ன என்று காட்டும் கணக்குப் புத்தகமும் உடன் எழுதப்பட்டது. இப்படம் இன்று ஆக்ஸ்போர்டிலுள்ள பாட்லியன் புத்தகசாலையில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

அந்தக் கோர்ட்டன் நம் தேசத்தோடும் சம்பந்தமுடையவர். கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குப் போட்டியாகக் கீழ்நாட்டு வியாபாரம் செய்ய, சார்லஸ் அரசரின் அநுமதியோடு அவர் ஒரு கூட்டத்தை அமைத்தார். அக்கூட்டத்தாருடைய கப்பல்கள் 1636-இல் புறப்பட்டுக் கோவாவுக்கு வந்து, பின்னர்ச் சீனாவுக்கும் சென்றன. அவ்வருஷத்திலேயே கோர்ட்டன் காலமானார். அவருடைய வியாபாரமும் சில வருஷங்களில் நொடித்துப்போயிற்று. லாக்ஸ்டன் படமோ இன்றும் இருக்கிறது. இன்ன பட்டை இன்னாருடையது என்பதைத் தெளிவாக எழுதிவைப்பது எத்தனை தலைமுறைக்கு உதவுகிறது என்பதற்கு இது தக்க சாட்சி.

மற்ற ஊர்களுக்கு நேர்ந்தது

லாக்ஸ்டனைப் போன்ற பொது வயல்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஆயிரக்கணக்கான ஊர்களில் இருந்தன. அவை இன்று எங்கே? நிலங்களை ஒன்றுசேர்த்து, வேலியிட்டுத் தனித்தனிப் பண்ணைகளாக்கும் ‘அடைப்பு’ முறை பல நூற்றாண்டுகளாகப் பரவிற்று. 1604-ஆம் வருஷம் முதல் 1914-ஆம் வருஷம் வரையில் இதற்காகவே 5,200-க்கு மேற்பட்ட சட்டங்கள் பார்லிமெண்டில் நிறைவேறின. அவற்றால் அடைக்கப்பட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம்.

இதனால் நன்மையே விளையவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வேலியிட்ட பண்ணைகளில் வடிகால் அமைப்பதும், புதுப் பயிர்களைப் பரீட்சிப்பதும், நல்ல ஜாதிக் கால்நடைகளைப் பெருக்குவதும் எளிதாயின. ஆனால் சொந்தமாகப் பட்டையில்லாமல், பொது மேய்ச்சலில் ஒரு பசுவும் சில வாத்துகளும் வளர்த்து, பொதுநிலத்தில் விறகு பொறுக்கி ஜீவித்த ஏழைகளுக்கு அந்த ஆதரவு போயிற்று. வழக்கத்தினால் அநுபவித்து வந்தவனிடம் காட்டுவதற்குப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாதவனுக்குப் பங்கும் கிடைக்கவில்லை. ஆர்தர் யங் என்னும் விவசாய நிபுணர் அடைப்பு முறைக்காக நெடுங்காலம் வாதாடியவர். அவரே தேசத்தைச் சுற்றிப் பார்த்தபின், 1801-இல், இச்சட்டங்களில் மிகப் பெரும்பாலானவற்றால் ஏழைகள் கஷ்டத்திற்குள்ளானார்கள் என்று எழுதினார். சிறிய பங்காளியின் உரிமை வாய்வழக்கமாக மட்டும் இருந்தால் அது எவ்வளவு இலேசாகக் கைநழுவும் என்பதை இதனால் அறியலாம்.

லாக்ஸ்டன் தப்பியதற்கு அதன் புண்ணியம் மட்டும் காரணமன்று. இரண்டு பிரபு குடும்பத்தாருடைய நிலங்கள் அங்கே கலந்து கிடந்தமையும், அவர்கள் ஒருமனப்படாமையும் ஒரு காரணம் என்பர். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அங்கேயும் மிகச் சிறிய பட்டைகளைச் சேர்த்துப் பெரிதாக்கி, அவற்றின் தொகையைக் குறைத்தார்கள். பட்டைகள் மாறினவே ஒழிய, மூன்று வயல் முறையும், கூடி நிர்வகிக்கும் வழக்கமும் விடப்படவில்லை.

பன்னிரு ஜூரிகள்

இப்பொழுது முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். எல்லை ஓர் உழுசால்தான் என்று முன்னர்ச் சொன்னேன். அயலான் பட்டையை ஒரே நாளில் அபகரிப்பவன் எங்கும் இல்லை. ஏரைத் திருப்பும்போது ஒரு சாண் அகலம் அப்பால் தள்ளி ஓட்டினால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஒவ்வோர் உழவிலும் ஒரு சாண் தள்ளினால் நான்கு உழவில் ஒரு கஜம் ஆகிறது. 220 கஜ நீளமுள்ள பட்டையில் ஒரு கஜ அகலம் என்பது ஏறக்குறைய நான்கரைச் சென்று நிலம். அயலான் பட்டையில் மட்டுமா இது நடக்கும்? வண்டிப்பாதையும் பொதுப் புற்றரையும் கேட்பாரற்ற சொத்தாகையால், கலப்பை முதலில் அங்கேதான் நுழையும்.

இதைத் தடுப்பதற்கு லாக்ஸ்டனில் ‘கோர்ட் லீட்’ என்னும் கிராம நியாயசபை இருக்கிறது. இச்சபை வருஷந்தோறும் ஊராரிலிருந்து பன்னிரண்டு ஜூரிகளை ஏற்படுத்துகிறது. அவர்கள் வெளியூரிலிருந்து வரும் உத்தியோகஸ்தர் அல்லர். அதே நிலத்தில் உழைக்கும் குடியானவர்களும் ஊர்வாசிகளுமே. நவம்பர் மாதக் கடைசியில், புதிதாகக் கோதுமை விதைத்த வயலுக்கு அவர்கள் கூட்டமாகச் செல்கிறார்கள். பட்டைகளின் கோடிகளையும், பாதைகளின் அகலத்தையும், புற்றரை ஓரங்களையும் பார்வையிடுகிறார்கள். எல்லை காட்டும் முளைகள் அழிந்திருந்தால் புதிய முளைகளை அடிக்கிறார்கள். எவனேனும் பாதையிலோ புற்றரையிலோ ஏறி உழுதிருந்தால் அதைக் குறித்துக்கொள்கிறார்கள். பார்வை முடிந்தபின் டவ்காட் சத்திரத்தில் கூடி உணவருந்தி, யார் யாருக்கு எவ்வளவு அபராதம் என்று தீர்மானிக்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்து அதே சத்திரத்தில் நியாயசபை கூடுகிறது. ஸ்டூவர்ட் என்னும் காரியஸ்தர் தலைமை வகிக்கிறார். ஜூரிகள் தங்கள் அறிக்கையைச் சமர்ப்பிக்கிறார்கள். அபராதங்கள் உறுதி செய்யப்படுகின்றன. அடுத்த வருஷத்து வயலைப் பார்வையிடுவதற்குப் புதிய ஜூரிகள் சத்தியப் பிரமாணம் செய்கிறார்கள். வருஷத்திற்கு ஒரு வயலாகப் பார்ப்பதால் மூன்று வருஷங்களில் மூன்று வயல்களும் ஒருமுறை பார்வைக்கு வந்துவிடுகின்றன. எல்லை ஒருபோதும் மறதிக்குட்படுவதில்லை.

அபராதத் தொகை அற்பமானதே. அதைக் கட்டுவதால் எவனும் ஏழையாகிவிடமாட்டான். ஆனால் தன்னோடு தினமும் பழகும் பன்னிருவர் தன் பட்டையின் ஓரத்தில் நின்று, ‘இங்கே ஒரு சால் தள்ளியிருக்கிறது’ என்று சொல்லிக் குறித்துக்கொள்வதுதான் தண்டனை. இன்று ஜூரியாயிருப்பவனுடைய பட்டை நாளை வேறொரு ஜூரியின் பார்வைக்கு வரும். ஆகவே பகைமைகொண்டு மிகுத்துப் போடுவதற்கும், தாட்சணியங்கொண்டு விட்டுவிடுவதற்கும் இருவகையிலும் தயக்கம் உண்டாகிறது.

இங்கிலாந்தில் இவ்வகைப் பழைய கிராமச் சபைகள் அநேகம் இருந்தன. 1977-ஆம் வருஷத்து நீதி நிர்வாகச் சட்டம் அவற்றின் அதிகாரத்தை எடுத்துவிட்டது. பல சபைகள் இன்று சடங்குக்காக மட்டும் கூடுகின்றன. ஆனால் லாக்ஸ்டன் சபைக்கு அச்சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. அதன் அதிகாரம் இன்றும் மெய்யான அதிகாரமே.

பொதுப் புற்றரையும் பவுண்டும்

வயல்களுக்கு நடுவே உழுவதற்குத் தகாத தாழ்ந்த ஈர நிலங்களும் சரிவுகளும் உண்டு. இவற்றிற்கு ‘ஸைக்’ என்று பெயர். இவற்றில் வளரும் புல்லை வருஷந்தோறும் கோடைகாலத்தில் ஏலம் போடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் அறுத்து உலர்த்திக் கால்நடைக்குச் சேமித்துக்கொள்கிறார். பல நூறு வருஷங்களாகக் கலப்பையும் இரசாயன உரமும் படாமையால் மற்ற இடங்களில் அருகிப்போன புல்வகைகளும் காட்டுப் பூச்செடிகளும் இங்கே மிஞ்சியிருக்கின்றன. அதற்காகவே இப்புற்றரைகளை விஞ்ஞான முக்கியத்துவம் வாய்ந்த இடமென்று சர்க்கார் பதிவு செய்திருக்கிறார்கள். ஆண்டுக்கொரு சால் உள்ளே தள்ளி உழ அநுமதித்திருந்தால் இவை என்றோ மறைந்திருக்கும்.

பயிரில் புகும் மாடுகளைப் பிடித்து அடைப்பதற்கு ஊரில் ஒரு பவுண்டும் உண்டு. பிடிப்பதற்கென்று முற்காலத்தில் தனியே ஓர் ஊழியன் இருந்தான். இந்த விஷயத்தில் நம் கிராமங்களுக்கும் அவர்களுக்கும் பேதமில்லை.

எஜமானர் மாறியபொழுது

லாக்ஸ்டன் குடியானவர்களிற் பெரும்பாலார் குத்தகைதாரர்களே; நிலத்தின் எஜமானர் வேறு. கடைசியில் அவ்வூர் தோர்ஸ்பி என்னும் எஸ்டேட்டைச் சேர்ந்த மான்வர்ஸ் பிரபுவின் குடும்பத்தாரிடம் இருந்தது. இரண்டாவது மகாயுத்தத்திற்குப் பின் நிலத்தை விற்க வேண்டி வந்தபொழுது, வாங்குவோர் வயல்களை அடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை பிறந்தது. 1952-இல் விவசாய மந்திரி இலாகாவே அதை வாங்கிப் பழைய முறையைக் காத்தது. 1981-இல் அது கிரௌன் எஸ்டேட் என்னும் ராஜாங்க நில நிர்வாகத்தாரிடம் மாறியது. 2020-இல் அவர்கள் விற்றபொழுது மீண்டும் பழைய தோர்ஸ்பி எஸ்டேட்டையே சேர்ந்தது.

எஜமானர் பலமுறை மாறியும் ஜூரிகள் நவம்பர் மாதத்தில் வயலுக்குச் செல்வது மட்டும் நிற்கவில்லை. ஆயினும் அபாயம் நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பெரிய யந்திரங்கள் பெரிய வயல்களைக் கேட்கின்றன. சிறிய பண்ணையில் ஜீவனம் கஷ்டம். ஊரில் பண்ணைகளின் தொகை முன்னிருந்ததைவிடக் குறைந்துவிட்டது. சட்டம் சபைக்கு அதிகாரம் கொடுக்கலாம்; சர்க்கார் படத்தைக் காப்பாற்றலாம்; கோட்டை மேட்டுக்கு வேலி போடலாம். ஆனால் பட்டையை உழுவதற்கும், குளிரில் வயலோரம் நடந்து முளை அடிப்பதற்கும் ஆட்கள் இல்லையானால், பிறகு மிஞ்சுவது காட்சிச்சாலை ஒன்றே. அவ்வூர்ப் பழைமையின் உயிர் அதன் குடிகளிடம் இருக்கிறது.

நாம் கொள்ளத்தக்கவை

இதைக் கேட்டு, நம் நிலங்களையும் துண்டு துண்டாகச் சிதறவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். சிதறிய நிலத்தின் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லாக்ஸ்டன் ஓர் ஐக்கிய சங்கமும் அன்று. அங்கே எஜமானரும் குத்தகைதாரரும் உண்டு. ஆகவே அதன் உடலை விட்டு, அதன் ஒழுங்கை மட்டும் கவனிப்போம்.

எலினோர் ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்க அம்மையார், பலருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலம், காடு, நீர்ப்பாசனம் முதலியவற்றைப் பல தேசங்களிலும் ஆராய்ந்து, 1990-இல் ஒரு நூல் வெளியிட்டார். பொதுச் சொத்து என்றால் அது அழிந்தே தீரும் என்ற கொள்கை தவறு என்றும், அநுபவிப்போர் தாமே விதி ஏற்படுத்தி, தாமே கண்காணித்து, தவறியவனுக்கு முதலில் சிறிய தண்டனையும் பின்னர்ப் பெரிய தண்டனையும் விதிக்கும் இடங்களில் அது நெடுங்காலம் நிலைத்திருக்கிறது என்றும் அவர் காட்டினார். 2009-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் சொன்னதை லாக்ஸ்டன் குடியானவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

நம் சங்கங்களைப் பாருங்கள். சங்கத்தின் பணம் வேலியில்லாத வயல். ஒவ்வோர் அங்கத்தினருடைய பங்கும் மற்றவர் பங்கோடு கலந்து கிடக்கிறது. நடுவே எல்லையாக இருப்பது பைலாவின் ஒரு வரிதான். தவணை ஒரு மாதம் தவறுவதும், தெரிந்தவருக்கு வரம்பு கடந்து கடன் கொடுப்பதும், பொதுக் குழுவுக்கு வராமல் ரிஜிஸ்தரில் பின்னர்க் கையெழுத்திடுவதும் ஒரு சாண் தள்ளி உழுவதைப் போன்றவை. அன்றைக்கு யாருக்கும் நஷ்டம் தெரிவதில்லை. நான்கு உழவு கழிந்தபின் தெரிகிறது. அப்பொழுது சங்கம் நொடிக்கிறது. நஷ்டமடைபவன் பெரும்பாலும் சிறிய பங்குக்காரனாகவே இருக்கிறான். அவனுக்குப் போக வேறு இடமில்லை.

இதைத் தடுக்கப் பெரிய சட்டம் தேவையில்லை. வருஷத்திற்கொருமுறை தவறாமல் பார்வையிடுதல், பார்த்ததை மறைக்காமல் சபையில் சொல்லுதல், தவறு சிறிதாயிருக்கும்பொழுதே சிறிய அபராதத்தோடு திருத்துதல், பார்வையிடும் பொறுப்பை எல்லாரும் முறைவைத்து ஏற்றல், கணக்கையும் எல்லையையும் தெளிவாக எழுதிவைத்தல் ஆகிய இவ்வைந்தும் போதும். தணிக்கை அதிகாரி வருஷத்தில் ஓரிரு நாள் வந்து போவார். ஜூரிகளாகிய நீங்களோ ஊரிலேயே இருக்கிறீர்கள்.

தாட்சணியம் நம் கிராமங்களில் ஒரு நற்குணமாக மதிக்கப்படுகிறது. வீட்டு வாசலில் அது நற்குணமே. பொது வயலின் எல்லையில் அது அயலானுடைய நிலத்தை எடுத்து மற்றவனுக்குக் கொடுப்பதாக முடிகிறது. உங்கள் சங்கத்தின் வருடாந்தரப் பொதுக் கூட்டம் அடுத்து வரும்பொழுது, பைலா புத்தகத்தை ஒருமுறை எடுத்து வாசித்து, அழிந்துபோன முளைகள் எவை என்று பார்த்து, அவற்றைத் திரும்ப அடிக்குமாறு உங்கள் யாவரையும் கேட்டுக்கொள்கிறேன்.